ரத்தப் பரிசோதனை சரி, மாதவிடாய் மட்டும் சரியில்லை: ஹார்மோன் ஏற்பிகளின் மரபணு வேறுபாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எல்லாப் பரிசோதனையும் நார்மல், காரணம் தெரியவில்லை” என்று மருத்துவர் சொன்னால் அதற்கு என்ன பொருள்?

அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்க முடியும். தேட வேண்டியவை எல்லாவற்றையும் தேடிப் பார்த்த பிறகும் காரணம் அகப்படவில்லை என்பது ஒன்று. சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. மரபணுவைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன், உங்களுக்குச் சொல்லப்பட்டது இவற்றில் எது என்று அறிந்துகொள்வது மிகவும் முக்கியம்.

உலக மகப்பேறு மற்றும் பெண்நோய் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ வகுத்துள்ள அளவின்படி, ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் இருப்பதும், உதிரப்போக்கு 8 நாட்களுக்குள் நின்றுவிடுவதும் இயல்பு. இதற்கு மாறாக நடக்கும்போது காரணங்களை ஒரே ஒழுங்கில் தேடுவதற்காக, 2011-ஆம் ஆண்டு அதே அமைப்பு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. கருப்பையில் உள்ள சதைவளர்ச்சி, நார்த்திசுக் கட்டி, உட்சவ்வுத் திசு கருப்பையின் தசைச்சுவருக்குள் வளரும் அடினோமயோசிஸ், புற்றுநோய் ஆகியவை ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். ரத்தம் உறைவதில் உள்ள குறை, முட்டை வெளிவருவதில் உள்ள கோளாறு, கருப்பையின் உட்சவ்வில் உள்ள கோளாறு, மருந்துகளாலோ கருத்தடைச் சாதனங்களாலோ ஏற்படும் மாறுதல் ஆகியவை கண்ணுக்குத் தெரியாதவை. இவை எதிலும் அடங்காதவற்றுக்கென்று கடைசியில் ஒரு தனி இடம் உண்டு.

இந்தப் பட்டியலில் பலமுறை விடுபட்டுப் போவது ரத்தம் உறைதல். அதிக உதிரப்போக்கு உள்ள பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு வான் வில்லிபிராண்ட் நோய் எனப்படும் உறைதல் குறை இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிய வந்தது. வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே அளவுக்கு மீறிப் போகிறது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்பதில்லை, சிறிய அடி பட்டாலும் கன்றிப்போகிறது என்று இருப்பவர் ஹார்மோன் ஏற்பியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின், ரத்தசோகை ஆகியவற்றுக்கான சோதனைகளும் முடிந்திருக்க வேண்டும்.

ஏற்பி என்பது என்ன? ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் கோளாறு எப்படி வரும்?

ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அளவுகோல் காட்டிவிடும். மதகு திறந்து அந்தத் தண்ணீர் வயலுக்குப் போனதா என்பதை அது காட்டாது. ரத்தப் பரிசோதனையும் ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோனின் அளவைத்தான் சொல்கிறது. அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குள் வேலையைத் தொடங்கி வைக்கும் புரதம்தான் ஏற்பி. அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை வழக்கமான எந்தச் சோதனையும் நேரடியாக அளப்பதில்லை.

மாதவிடாய்ச் சுழற்சியில் பல ஏற்பிகள் அடுத்தடுத்துப் பங்கு கொள்கின்றன. மூளையின் ஹைபோதலாமஸ் அனுப்பும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் செய்தியைப் பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள ஏற்பி வாங்குகிறது. பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் சினைப்பையின் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் வாங்குகின்றன. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டரோனையும் கருப்பையின் உட்சவ்வு தன் உயிரணுக்களுக்குள்ளே இருக்கும் ஏற்பிகளால் வாங்குகிறது. இந்தத் தொடரில் ஓரிடத்தில் தடை ஏற்பட்டாலும் அதன் விளைவு மாதவிடாயில் தெரியும். பல நேரங்களில் உடல் அந்தத் தடையை உணர்ந்து ஹார்மோனைக் கூட்டிச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும் என்பதால், ஏற்பி முற்றிலும் பழுதானவர்களின் ரத்த அறிக்கை பெரும்பாலும் ‘நார்மல்’ என்று வராது, வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தே வரும்.

மரபணு வேறுபாடும் மரபணுப் பிறழ்வும் ஒன்றுதானா?

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குழப்பத்தால்தான் தேவையற்ற பயமும் தேவையற்ற செலவும் வருகின்றன. மக்களில் பலரிடம், சில சமயம் பாதிப் பேரிடம்கூட, காணப்படும் டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களைப் பொதுவான வேறுபாடுகள் என்கிறோம். இவை ஏற்பியின் வேலையைச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ விடலாம், பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். ஏற்பியை ஏறத்தாழ முடக்கிப்போடும் மாற்றங்கள் வேறு. அவை மிக அரியவை, அவற்றின் விளைவு பெரிது. முதல் வகை ஒருவருக்கு இருப்பதாக அறிக்கையில் கண்டதும், இரண்டாம் வகையின் விளைவுகள் எல்லாம் அவருக்கு வரும் என்று எண்ணிக்கொள்வது தவறு.

எஃப்.எஸ்.எச். ஏற்பியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஏன்?

இரண்டு வகை மாற்றங்களுக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இந்த ஒரே மரபணுவில் கிடைக்கிறது என்பதுதான் காரணம்.

அரிய வகையை முதலில் பார்ப்போம். ஃபின்லாந்தில், பருவ வயதைக் கடந்தும் மாதவிடாய் வராத, அல்லது சில முறை வந்து நின்றுபோன பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு எஃப்.எஸ்.எச். அளவு மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கு இருப்பதைப் போல மிக அதிகமாக இருந்தது. அவர்களுடைய குடும்பங்களை ஆராய்ந்த அந்நாட்டு ஆய்வாளர்கள், எஃப்.எஸ்.எச். ஏற்பியின் புரதச் சங்கிலியில் 189-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறொன்று இருப்பதைக் கண்டறிந்து 1995-இல் வெளியிட்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறிய பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் இயல்பாகவே வரும். இந்தப் பெண்களின் சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துபோய்விடவில்லை. முட்டையைச் சுற்றியுள்ள ஃபாலிக்கிள் என்ற நுண்பைகள், எஃப்.எஸ்.எச். சொல்வது எட்டாததால், சிறிய பருவத்திலேயே வளர்ச்சி நின்று காத்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் சினைப்பைச் செயலிழப்பு போலவே தெரியும் ஒரு நிலைக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருந்தது என்பதை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடமாகக் கருதுகிறேன். இந்தக் குறிப்பிட்ட பிறழ்வு ஃபின்லாந்துக்கு வெளியே அரிதாகவே காணப்படுகிறது.

பொதுவான வகை வேறு. அதே ஏற்பியின் 680-ஆம் இடத்தில் சிலருக்கு அஸ்பராஜின் இருக்கும், சிலருக்கு செரின் இருக்கும், இரண்டுமே இயல்பு. 2000-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரு பிரதிகளிலும் செரின் உள்ள பெண்களுக்குச் சோதனைக்குழாய் கருத்தரிப்பு சிகிச்சையின்போது எஃப்.எஸ்.எச். ஊசி மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது தெரிந்தது. பின்னர் 2005-இல் வந்த சிறிய ஆய்வு ஒன்றில், ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்களிடையே செரின் வகையினரின் சுழற்சி சராசரியாக 29 நாட்களும் மற்றவர்களின் சுழற்சி 27 நாட்களும் இருந்தது. வேறுபாடு இரண்டு நாட்கள்தான். இரண்டுமே இயல்பின் எல்லைக்குள் இருப்பவை. ஆகவே 60 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிற ஒருவரின் அறிக்கையில் ‘செரின்’ என்று இருந்தால், அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஏற்பி நன்றாக இருந்தும், ஹார்மோனை உருவாக்கும் மரபணுவின் முன்பகுதியில் உள்ள ஒரு மாற்றத்தால் எஃப்.எஸ்.எச். சற்றுக் குறைவாகச் சுரப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பெரும் எண்ணிக்கையிலான பெண்களின் தரவுகளைக் கொண்டு 2016-இல் வெளிவந்த ஆய்வில், அந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் சுழற்சி ஏறத்தாழ ஒரு நாள் நீண்டிருந்தது. அவர்களுக்கு, கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஒரே மாற்றம் ஒரு வகையில் இழப்பாகவும் இன்னொரு வகையில் காப்பாகவும் இருப்பதை இங்கே காண்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பழுதானால் என்ன ஆகும்?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி முற்றிலும் பழுதானால் கரு உயிர்பிழைக்காது என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நம்பினார்கள். 1994-இல் 28 வயது ஆண் ஒருவரிடம் அந்தப் பழுது கண்டறியப்பட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அவருடைய எலும்பு முனைகள் அந்த வயதிலும் மூடாமல், உயரம் 204 சென்டிமீட்டராக இருந்தது, எலும்புகள் வலுவிழந்திருந்தன. பெண்ணிடம் அதே நிலை முதன்முதலாக விவரிக்கப்பட்டது 2013-இல். அந்த 18 வயதுப் பெண்ணுக்கு மார்பக வளர்ச்சி இல்லை, மாதவிடாய் வரவில்லை, சினைப்பைகள் நீர்க்கட்டிகளால் பெரிதாகியிருந்தன. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிக மிக அதிகமாக இருந்தும் உடல் அதை உணரவே இல்லை.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பொதுவான வேறுபாடுகளையும் அதிக உதிரப்போக்கு, நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றோடு இணைத்துப் பல சிறு ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஒன்று உண்டு என்னும், அடுத்தது இல்லை என்னும். ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதியை முழுவதுமாக ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் எண்டோமெட்ரியோசிஸுடன் இந்த மரபணுவின் சுற்றுப்புறத்துக்குத் தொடர்பு இருப்பது உறுதியாகியுள்ளது. ஆனால் தனி ஒருவருக்கு நோய் வருமா வராதா என்று சொல்லும் வலிமை அதற்கு இல்லை.

புரொஜெஸ்டரோன் ஏற்பியில் உள்ள வேறுபாடு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நியாண்டர்தாலர் என்போர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன மனித இனத்தவர். புரோஜின்ஸ் என்று அழைக்கப்படும் அந்த வகையில், மரபணுவுக்குள் 306 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். அதோடு புரதத்தின் 660-ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் லூசின் இருக்கும். இதை வெகுகாலமாக எண்டோமெட்ரியோசிஸ், குறைப்பிரசவம் முதலியவற்றோடு தொடர்புபடுத்திப் பார்த்துவந்தார்கள். 2020-இல் ஹியூகோ செபெர்க், ஸ்வாந்தே பேபோ உள்ளிட்டோர், இந்த வகை நியாண்டர்தாலரிடமிருந்து நமக்கு வந்தது என்றும், ஐரோப்பியப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் குறைந்தது ஒரு பிரதி உள்ளது என்றும் காட்டினர். அதை உடைய பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உதிரப்போக்கும் கருச்சிதைவும் குறைவாக இருந்தன. கெடுதி என்று சந்தேகிக்கப்பட்ட ஒன்று நன்மையோடு சேர்ந்திருந்தது. ‘ஆபத்தான வகை’ என்று ஒரு மரபணு அறிக்கை முத்திரை குத்தும்போது இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது. அதுவும் ஏற்பியால் வருவதா?

நீர்க்கட்டி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பி.சி.ஓ.எஸ். ஒரே மரபணுவால் வருவதில்லை. 2011-இல் சீனப் பெண்களிடம் நடந்த முழு மரபணுத்தொகுதி ஆய்வில் மூன்று இடங்கள் தெரிய வந்தன. அவற்றில் ஒன்று எல்.எச். ஏற்பியின் மரபணு இருக்கும் இடம். அடுத்த ஆண்டே எஃப்.எஸ்.எச். ஏற்பியின் இடமும் இன்சுலின் ஏற்பியின் இடமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது; உடல் எடை, உணவு, தூக்கம், குடும்ப வரலாறு எல்லாம் அதோடு கலக்கின்றன. ஆண்மைக்குரிய ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் ஏற்பியில் திரும்பத் திரும்ப வரும் சி.ஏ.ஜி. என்ற மூவெழுத்துத் தொடரின் நீளத்தைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவைக்கலாம். உடல் மெலிந்திருந்தும் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, முகத்தில் ரோமம் வளர்ந்து, மாதவிடாய் தள்ளிப்போய், ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக இருக்கும் பெண்ணுக்கு இன்சுலின் ஏற்பியிலேயே பிறழ்வு இருக்கக்கூடும். இத்தகையவருக்குச் ‘சாதாரண நீர்க்கட்டி’ என்று சொல்லி எடையைக் குறைக்கச் சொல்வதால் எந்தப் பயனும் இல்லை.

பரீட்சை, கவலை, கடும் பயிற்சி என்று வந்தால் சிலருக்கு மட்டும் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டா?

உண்டு, இந்தக் கேள்விக்கு விடை தந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். மனச்சுமை, எடைக் குறைவு, அளவு மீறிய உடற்பயிற்சி ஆகியவற்றால் மாதவிடாய் நின்றுபோன 55 பெண்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 7 பேரிடம், பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோன் தொடரில் உள்ள மரபணுக்களில் அரிய மாற்றங்கள் இருந்தன, ஜி.என்.ஆர்.எச். ஏற்பி, ப்ரோகினெட்டிசின் ஏற்பி போன்றவையும் அவற்றில் அடங்கும். ஒழுங்காக மாதவிடாய் வந்த ஒப்பீட்டுப் பெண்களிடம் அந்த மாற்றங்கள் காணப்படவில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பவர் இயல்பான நாட்களில் சமாளித்துவிடுகிறார். உடலுக்குப் போதிய உணவும் ஓய்வும் இல்லாத காலத்தில் மற்றவர்களை விட முன்னதாகவே அவருடைய சுழற்சி நின்றுவிடுகிறது.

“எல்லாப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?” என்று வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை. ஒரே சுமையை எல்லா உடலும் ஒரே மாதிரி தாங்குவதில்லை.

அம்மாவுக்கும் சித்திக்கும் இப்படித்தான் இருந்தது. எனக்கு வருவது பரம்பரையா? எங்கள் வீட்டில் சொந்தத்துக்குள்தான் திருமணம்.

அம்மா, சித்தி, அக்கா என்று ஒரே மாதிரி இருந்தால் பரம்பரைப் பங்கு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். 2013-இல் விவரிக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் மூன்று சகோதரிகளுக்குப் புரோலாக்டின் உயர்ந்திருந்தது. பிட்யூட்டரியில் கட்டி எதுவும் இல்லை. புரோலாக்டின் ஏற்பியிலிருந்த பிறழ்வே காரணம் என்று கண்டார்கள். அதற்கு ஒரு பிரதி மாறியிருந்தாலே போதும்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் கடுமையான பிறழ்வுகள் பெரும்பாலும் வேறு வகை. இரு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று திருமணம் செய்யும் குடும்பங்களில், ஒரே மூதாதையரின் மாறிய பிரதி இரு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யாதவர்களும், தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்துக்குள் மட்டும் மணந்து வந்தால் இதே நிலைதான். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைப் பார்த்தது. சில மூதாதையரிடமிருந்து மட்டும் பெருகியதன் மரபணு அடையாளம், அவற்றில் 81 குழுக்களில் ஃபின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட வலுவாக இருந்தது. ஃபின்லாந்தில் கண்டறிந்ததைப் போன்ற தனித்தன்மையான பிறழ்வுகள் நம் சமூகங்களிலும் இருக்கலாம் என்பதையும், அவற்றைத் தேடுவது அவசியம் என்பதையும் இது காட்டுகிறது. இதைச் சொல்வது யாருடைய திருமணத்தையும் குறை கூறுவதற்காக அல்ல. மருத்துவர் கேட்கும்போது உறவுமுறையைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காக.

என் மகளுக்குப் பதினாறு வயதாகிறது, இன்னும் வயதுக்கு வரவில்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும், 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்கேன், எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு சோதனைகளோடு குரோமோசோம் பரிசோதனையும் பல நேரங்களில் தேவைப்படும். ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் டர்னர் நோய்க்குறி அதில்தான் தெரியும்.

மார்பகம் வளர்ந்திருந்தும் கருப்பை இல்லை என்று ஸ்கேனில் வந்தால், ஆண்ட்ரோஜன் ஏற்பி முற்றிலும் வேலை செய்யாத நிலை ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களின் குரோமோசோம் எக்ஸ் ஒய் என்று இருக்கும். ஆனால் ஆண்மைக்குரிய ஹார்மோனை உடல் சற்றும் ஏற்காததால் அவர்கள் பெண்ணுடலோடு பிறந்து பெண்ணாகவே வளர்கிறார்கள். இந்த முடிவைப் பிள்ளையிடம் எப்படி, யார், எத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறார்கள் என்பது நோயறிதலைப் போலவே முக்கியம். உறவினர் கூட்டத்தில் பேச வேண்டிய செய்தி அல்ல இது. உளநல ஆலோசனையோடு, அந்தப் பெண்ணின் வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்றவாறு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவசரமாக எந்த அறுவைச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் நான் ஏற்பி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

சுழற்சி சற்று முன்பின்னாக வருகிறது, உதிரப்போக்கு அதிகம், வலி அதிகம் என்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். உமிழ்நீரை அனுப்பினால் பொதுவான வேறுபாடுகளைப் பட்டியலிட்டுத் தரும் சோதனைகளால் இவர்களின் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்தை உறைதல் பரிசோதனைக்கும் நல்ல ஸ்கேனுக்கும் செலவிடுவது மேல்.

மாதவிடாய் வராமலே இருப்பவர்கள், 40 வயதுக்கு முன்பே எஃப்.எஸ்.எச். உயர்ந்து மாதவிடாய் நின்றவர்கள், ஹார்மோன் அளவும் உடல் அடையாளமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவர்கள், குடும்பத்தில் பலருக்கு ஒரே நிலை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை உதவும். நாற்பதுக்கு முன் நின்றவர்களுக்குக் குரோமோசோம் பரிசோதனையும், இந்த நிலையோடு தொடர்புடைய எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் பரிசோதனையும் முதலில் வரும்; பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை அதற்கு அடுத்தது. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று அறிக்கை வருவது சாதாரணம். அது நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு அன்று. ஒரு மாற்றம் அரியதா பரவலானதா என்று தீர்மானிக்க நம் மக்களின் தரவு தேவை. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது இந்த வகையில் பெரிய உதவி.

காரணம் தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

சிலருக்கு முற்றிலும் மாறும். எஃப்.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தும், முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோனான ஏ.எம்.எச். அளவு நன்றாக இருக்கும் பெண்ணுக்கு, சினைப்பையில் முட்டை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஏற்பி கேட்க மறுக்கும் நிலையாக இருக்கலாம். இத்தகைய சிலரிடமிருந்து முதிராத முட்டையை எடுத்து உடலுக்கு வெளியே முதிரவைத்துக் குழந்தை பிறந்திருக்கிறது. ஜி.என்.ஆர்.எச். ஏற்பியில் பழுதுள்ளவர்களுக்குச் சினைப்பையை நேரடியாகத் தூண்டும் ஊசிகளால் முட்டை முதிர்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதாத எல்லோருக்கும் எலும்பைக் காக்க ஹார்மோன் ஈடு தேவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே பழுதானவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

ஆனால் காரணம் தெரியும் வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிக உதிரப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலமும், லெவோநார்ஜெஸ்ட்ரல் வெளியிடும் கருப்பைச் சாதனமும் மரபணு அறிக்கை இல்லாமலே பயன் தருகின்றன. எது பொருந்தும் என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை இன்றே தொடங்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து போய்க்கொண்டே இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, எந்த அறிக்கைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.